கிழியாத புத்தகங்கள்

சிறுவர் வாசிப்பு விளக்க மேம்பாட்டுப் பேரவையின் அலுமாரியில் இருந்த எந்தப் புத்தகமும் இதுவரை கிழிந்ததில்லை. தொலைந்ததில்லை. ஒரு பக்கத்தின் மூலைகூட மடிந்ததில்லை. பேரவைத் தலைவர் பேரின்பநாதன் மேடை கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்வார். மேடை அவருக்கு அடிக்கடி கிடைக்கும், ஏனென்றால் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவர் அவர்தான்.

அலுமாரி மண்டபத்தின் நிலக்கீழ் அறையில், சூடாக்கிக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடிக் கதவு. பித்தளைப் பூட்டு. உள்ளே புத்தகங்கள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறை போட்டு, தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்க வந்த பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. மேலே ஒரு பலகை: "வாசிப்போம், வளர்வோம்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "கண்ணாடியைத் தொடவேண்டாம்."

அன்டனுக்குப் பேரவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் வேலை செய்பவன். பியர்பொன்ட்ஸில் ஒரு ஒடுங்கிய வீடு. இலையுதிர் காலத்தில் அந்த வீட்டிலிருந்துதான் அவன் மனைவி எலிசாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

எலிசா மகள் லக்சனாவுக்குக் கதை வாசிப்பவள். நகரத்துக்குப் போகிற நீண்ட பஸ் பயணங்களில் வாசிப்பாள். புலிக்கு ஒரு குரல், காதுக்குள் ரீங்கரிக்கும் நுளம்புக்கு ஒரு குரல். முன் இருக்கையில் இருக்கும் ஹெயிட்டி நாட்டுப் பெரியவர்கள் தமிழ் தெரியாமலே திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நல்ல இடம் பார்த்து நிறுத்திப் புத்தகத்தை மூடிவிடுவாள். "பேந்து, பேந்து?" என்று, பிறகு என்ன நடந்தது என்று அறிய, லக்சனா அவள் கையைப் பிடித்து உலுப்புவாள்.

எலிசா போனபிறகு லக்சனா எதற்கும் "பேந்து" கேட்கவில்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய ஆசிரியை கத்தரின் அன்டனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எழுத்தெல்லாம் பிழையில்லாமல் வாசிக்கிறாள். ஆனால் பக்கத்தைத் திருப்புகிறாள் இல்லை. அடுத்து என்ன நடந்தது என்று அறிய அவளுக்கு விருப்பமில்லை. அதை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

அன்டன் அந்தக் கேள்வியை வேலைக்குக் கொண்டு போனான். கூட வேலை செய்யும் றொக்சன் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கியபடியே தீர்வு சொன்னான்.

"எங்கடை ஆக்கள் ஒரு இடம் நடத்தினம் மச்சான். வாசிப்பு விளக்கம். போன முறையும் நூறு வீதம் பாஸ். உன்ரை பிள்ளையைக் கொண்டுபோய் விடு. வாசிக்காத பிள்ளையளும் அங்கை பாஸ் பண்ணுதுகள்."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை அன்டன் மகளைக் கூட்டிக்கொண்டு போனான். வகுப்பை நடத்தியவள் சிவாஜினி என்ற இளம் பெண். எழுந்து வணக்கம், பேரவைக் கீதம், மறைந்த உறுப்பினர்களுக்கு அக வணக்கம், தலைவருக்கு நன்றி என்று எல்லாம் முடிய அரைவாசி நேரம் போயிருந்தது. பிறகு பிள்ளைகளின் கையில் ஒரு மெல்லிய புத்தகம் கொடுக்கப்பட்டது. "விடைத் திரட்டு. ஆக்கம்: தேர்வாளர் அரியரத்தினம்."

பிள்ளைகள் ஒரே குரலில் பாடத் தொடங்கினார்கள்.

"கீரிக்குட்டியின் வீட்டுக்கு முதலில் வந்தவர் யார்? தபால்கார ஆமை! கீரிக்குட்டி எதைச் சாப்பிட மறுத்தது? கொழுக்கட்டை! கூரையிலிருந்து ஒழுகியது எது? மழைநீர்! கீரிக்குட்டி ஏன் விளக்கை அணைக்கவில்லை? அம்மா வருவார் என்பதனால்!"

கீழே ஆங்கில எழுத்திலும் அதையே அச்சடித்திருந்தார்கள், தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகளும் வாசிப்பு விளக்கத்தில் பின்தங்கிவிடக்கூடாது என்பதற்காக.

அன்டன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். முதலாம் பக்கத்தில் தலைவரின் படம், வாழ்த்துரை. கடைசிப் பக்கத்தில் தலைவரின் வேறொரு படம். நடுவில் கேள்விகளும் விடைகளும். கதை இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பின் இருக்கையில் இருந்த லக்சனா கேட்டாள்.

"அப்பா, அம்மா வந்தவாவோ?"

அன்டனுக்கு ஸ்டியரிங் கையில் வழுக்கியது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"என்னம்மா?"

"கீரியின்ரை அம்மா. லைற்றை ஓஃப் பண்ணாமல் இருந்ததெல்லோ. பேந்து அம்மா வந்தவாவோ?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். அன்டன் கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தான். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கேட்டுச் சொல்லுறன்" என்றான்.

அவனுக்கு அது சின்ன வேலையாகப் பட்டது.

அடுத்த வகுப்பில் முதலில் சிவாஜினியிடம் கேட்டான். அவள் முகம் சிவந்துபோயிற்று.

"எனக்குத் தெரியாது அண்ணை. நானும் இஞ்சைதான் படிச்சனான். கீரியிலை தங்கப் பதக்கம் எடுத்தனான்."

"கதையை வாசிக்கேல்லையோ?"

"எங்கடை காலத்திலயே கதையை எடுத்திட்டினம்."

அவள் அவனை அரியரத்தினத்திடம் அனுப்பினாள். தேர்வாளர் அரியரத்தினம் தேநீரில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் பிஸ்கட் உடைந்து விழுந்தது.

"தம்பி, முந்தி நாங்கள் கதையையும் திரட்டிலை அச்சடிச்சுக் குடுத்தனாங்கள். அதாலை பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பிள்ளையள் கதையை வாசிச்சுப்போட்டுத் தங்கடை பாட்டுக்கு விடை எழுதத் தொடங்கிட்டுதுகள். கொழுக்கட்டையைக் கீரி ஏன் சாப்பிடேல்லை எண்டு கேட்டால், கவலையிலை எண்டு எழுதினான் ஒருத்தன். விடையிலை 'இனிப்புப் போதாமையால்' எண்டு கிடக்கு. நான் என்ன செய்ய?"

"கவலையிலைதானே அண்ணை இருந்திருக்கும்?"

"பாத்தீரோ, நீரும் துவங்கிட்டீர்! வருசா வருசம் ஆராய்ஞ்சு பாத்தம். பிழையான விடை எல்லாம் எங்கையிருந்து வருது? கதையிலை இருந்து. கதையை எடுத்தம். பெறுபேறு நூறு வீதம்." அவர் கரண்டியால் பிஸ்கட்டைத் தேடி எடுத்தார். "இப்ப கொழுக்கட்டைக் கேள்வியையும் சுருக்கியாச்சு. அதிலை 'ஏன்' எண்டு கேக்கிறதே இல்லை. 'எது' மட்டுந்தான்."

"கீரியின்ரை தாய் வந்ததோ அண்ணை?"

"அது பாடத்திட்டத்திலை இல்லை."

"உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறன்."

அரியரத்தினம் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் கேள்வி எடுக்கிற அளவுக்குத்தான் வாசிச்சனான்" என்றார்.

அன்றைக்கு லக்சனா தானாகவே அதைக் கண்டுபிடித்தாள். பிள்ளைகள் ஜூஸ் குடிக்கப் போனபோது அவள் அலுமாரியின் முன்னால் நின்று, கண்ணாடியைத் தொடாமல், ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டில், கந்தபுராணச் சுருக்கத்துக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில், ஒரு மெல்லிய மஞ்சள் முதுகு. "கீரிக்குட்டியின் விளக்கு."

"அப்பா, இஞ்சை கிடக்கு!"

கிடந்தது. ஒரு கண்ணாடியின் தடிப்பளவு தூரத்தில்.

அலுமாரிப் பூட்டின் திறப்பு நூலகப் பொறுப்பாளர் நீக்கிலாப்பிள்ளையிடம் இருந்தது. நீக்கிலாப்பிள்ளை ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்தார். அன்டன் தொலைபேசி எடுத்தான்.

"திறப்பு என்னட்டைத்தான் தம்பி. கார்த் திறப்போடை கோத்து வைச்சிருக்கிறன். நித்திரையிலயும் தலகணிக்குக் கீழைதான்."

"ஒரு புத்தகம் வாசிக்க வேணும் அண்ணை. பிள்ளைக்கு."

"வாசிக்கவோ?"

"ஓம்."

"அப்பிடி ஒருதரும் இதுவரை கேக்கேல்லை. தலைவர் சொல்லாமல் நான் திறக்கேலாது. நீர் குறைநினைக்கக் கூடாது. பிள்ளையள் வாசிச்சால் கிழியும்."

தலைவர் பேரின்பநாதன் அன்டனைத் தன் வீட்டு விறாந்தையில் நிற்க வைத்துப் பேசினார். சுவர் முழுவதும் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளின் படங்கள்.

"வாசிப்பிலை ஆர்வம் இருக்கிறது நல்ல விசயம் தம்பி. ஆனா அதுக்கொரு ஒழுங்கு வேணும். புத்தகம் வெளியிலை போறதெண்டால் நிர்வாகசபை கூடோணும்."

"இது நூலகந்தானே அண்ணை?"

"ஓம், நூலகம். கடை இல்லை."

"எப்ப கூடுவியள்?"

"இப்ப எல்லாரும் ஆய்வரங்கு வேலையிலை நிக்கினம். அது முடியட்டும்."

ஆய்வரங்கின் தலைப்பு "சிறுவர் இலக்கியம்: நேற்று, இன்று, நாளை." அன்டன் மகளையும் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் நின்ற தொண்டர், பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று சொல்லி லக்சனாவை நடைபாதையில் மற்றப் பிள்ளைகளோடு இருத்தினார். சத்தம் போடாமல் இருந்தால் கடைசியில் சாப்பிட ரோல்ஸ் தருவதாகவும் சொன்னார்.

உள்ளே வரிசையாகப் பேசினார்கள். ஒருவர் சிறுவர் கதைகளில் வரும் நரிகளின் நாட்டுப்பற்றை ஆராய்ந்தார். இன்னொருவர் தான் எழுதப்போகும் சிறுவர் நாவலின் முன்னுரைக்கு ஒரு முன்னுரை வாசித்தார். மூன்றாமவர், சிறுவர் இலக்கியத்தின் வளர்ச்சிக்கு இன்று பெரும் தடையாக இருப்பவர்கள் சிறுவர்களே என்ற கருத்தை முன்வைத்தார். "அவர்கள் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்கிறார்கள். கேட்கக்கூடாத கேள்வி கேட்கிறார்கள். ஐஸ்கிரீம் கையோடு புத்தகத்தைத் தொடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களை நம்பி ஓர் இலக்கியத்தை ஒப்படைக்கலாமா என்று இந்தச் சபையைக் கேட்கிறேன்." சபை கைதட்டியது. நடைபாதையில் ஒரு பிள்ளை எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது. தொண்டர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

நிர்வாகசபை கூடவில்லை. ஆண்டு விழா வந்துவிட்டது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் லக்சனா அலுமாரியின் முன்னால் போய் நின்றாள். வீட்டில் தானாக முடிவுகளைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். தாய் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம். மழையில் எங்காவது ஒதுங்கியிருக்கலாம். ஆமை கொண்டு வந்த கடிதம் தாயினுடையதாக இருக்கலாம். "எலிசா இருந்திருந்தால் இந்த நேரம் பூட்டை உடைச்சிருப்பாள்" என்று அன்டன் றொக்சனிடம் சொன்னான். அந்தப் பெயரை அவன் வேலையிடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆண்டு விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மங்கள விளக்கை ஏற்ற இருந்தவர்கள் தொகை கூடிப்போனதால், முதலில் ஏற்றியவர்களின் திரிகள் அணைந்துபோய், அவர்களை மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. பிறகு பொன்னாடைகள். செயலாளர் தலைவருக்குப் போர்த்தினார். தலைவர் செயலாளருக்குப் போர்த்தினார். அரியரத்தினத்துக்குப் போர்த்திய ஆடையில் வேறொருவரின் பெயர் குத்தியிருந்தது. அதைக் கழற்றி உரியவருக்குப் போர்த்தினார்கள். பட்டுப் பாவாடைகளுக்குள் பிள்ளைகள் தூங்கிச் சரிந்தார்கள்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெற்றோரே! வாசிப்பு என்பது நேரத்தை விழுங்கும் ஒரு பழக்கம். நம் பிள்ளைகளுக்கோ நேரமில்லை. நீச்சல் இருக்கிறது, கராத்தே இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது. எனவேதான் நாங்கள் வாசிப்பைத் தவிர்த்து விளக்கத்தை மட்டும் வழங்குகிறோம். இந்த நாட்டின் கல்விமான்கள் இன்னும் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. எங்கள் நூலகத்தைப் பாருங்கள். ஒரு புத்தகம் கிழிந்திருக்கிறதா? நான் என் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் கிழித்ததில்லை. ஏன்? திறந்தால்தானே கிழியும்!"

கைதட்டல் நின்றதும் போட்டி தொடங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, "பெருமதிப்பிற்குரிய நடுவர்களே" என்று தொடங்கி, கேள்விக்குக் கையசைத்து விடை சொல்லவேண்டும். அரியரத்தினம் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆகவே முதலாவது கேள்வி அவர் கண்ணில் படவில்லை; இரண்டாவதிலிருந்து தொடங்கினார்.

முதலில் வந்தது ஒரு குண்டுப் பையன்.

"கீரிக்குட்டி எதைச் சாப்பிட மறுத்தது?"

"தபால்கார ஆமை!"

"கூரையிலிருந்து ஒழுகியது எது?"

"கொழுக்கட்டை!" கைகளை விரித்து, கொழுக்கட்டை சொட்டுச் சொட்டாக விழுவதைக் காட்டினான்.

"கீரிக்குட்டி ஏன் விளக்கை அணைக்கவில்லை?"

"மழைநீர்!"

நடுவர்கள் தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். ஆமை, கொழுக்கட்டை, மழைநீர். ஒழுங்கு சரி. முழுப் புள்ளி போட்டார்கள். பையனிடம் இன்னும் ஒரு விடை மிச்சம் இருந்தது. கேள்வி எதுவும் வராததால் அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா வருவார் என்பதனால்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். பெற்றோர்கள் பெருமையோடு கைபேசியில் படம் பிடித்தார்கள்.

லக்சனா மேடையேறினாள். எலிசா அவளுக்குக் கடைசியாக வாங்கிக்கொடுத்த சட்டை கொஞ்சம் கட்டையாகிவிட்டிருந்தது.

"கீரிக்குட்டி எதைச் சாப்பிட மறுத்தது?"

"கொழுக்கட்டை" என்றாள். நடுவர்கள் தலையை அசைத்து, பிழை போட்டார்கள். அடுத்த கேள்விக்கு "மழைநீர்" என்றதற்கும் பிழை.

"கீரிக்குட்டி ஏன் விளக்கை அணைக்கவில்லை?"

"அம்மா வருவார் என்பதனால்." பிறகு அரியரத்தினத்தைப் பார்த்து, "அம்மா வந்தவாவோ மாமா?" என்றாள்.

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அரியரத்தினம் தலைவரைப் பார்த்தார். தலைவர் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார்.

"பிள்ளை, போட்டியிலை கேள்வி கேக்கிறது நாங்கள். விடை சொல்லுறது நீங்கள்."

"தெரியாதோ மாமா?"

"தெரிய வேண்டிய தேவை இல்லை!" என்றார் தலைவர். ஒலிவாங்கி அதைக் கூரை வரைக்கும் கொண்டுபோயிற்று.

லக்சனாவுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. ஆனால் பங்குபற்றிய எல்லாருக்கும் பரிசு இருந்தது. நீக்கிலாப்பிள்ளை கார்த் திறப்புக் கொத்தோடு வந்து, எல்லாரும் எழுந்து நிற்க, விழாவுக்காக நிலக்கீழ் அறையிலிருந்து மேடைக்கு ஏற்றியிருந்த அலுமாரியைத் திறந்தார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது. இதுதான் பேரவையின் வழமை: புத்தகம் படத்துக்கு, படம் எடுத்து முடிய, புத்தகம் அலுமாரிக்கு. பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு பென்சில் கிடைக்கும்.

லக்சனாவிடம் சமையல் குறிப்பு நீட்டப்பட்டது. அவள் வாங்கவில்லை. நீக்கிலாப்பிள்ளையின் கைக்குக் கீழாக எட்டி, மஞ்சள் முதுகை இழுத்தெடுத்தாள். படம் எடுத்தார்கள். நீக்கிலாப்பிள்ளை வரிசையாகப் புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். லக்சனாவின் முன்னால் கை நீட்டினார்.

அவள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள்.

அன்டன் வாழ்க்கையில் எந்த வரிசையையும் குழப்பாதவன். ஆஸ்பத்திரியில், இனி ஒன்றும் செய்யமுடியாது என்று சொன்ன டாக்டருக்கும் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்தவன். அவன் எழுந்து, பொன்னாடை போர்த்தியவர்களைத் தாண்டி மேடைக்குப் போய், மகளின் கையைப் பிடித்தான்.

"வாம்மா, போவம்."

"தம்பி, புத்தகம்!" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"ஓம் அண்ணை. அதுதான் கொண்டுபோறன்."

வாசல் வரைக்கும் தலைவரின் குரல் கூட வந்தது. "சம்பந்தப்பட்ட பெற்றோர் நூலகச் சொத்தை வைத்துவிட்டுச் செல்லவும். சம்பந்தப்பட்ட பெற்றோர்..."

காருக்குள் குளிர் விறைத்தது. அன்டன் இயந்திரத்தை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டான். லக்சனா பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். புதுக் காகித மணம். சில பக்கங்கள் மேல் ஓரத்தில் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன.

அவள் சத்தமாக வாசித்தாள். ஆமைக்கு ஒரு குரல் கொடுத்தாள். நுளம்புக்கு எலிசா கொடுத்த குரல் அது. ஆமை கடிதம் கொண்டு வரவில்லை, கடிதம் ஏதும் இல்லை என்று சொல்லத்தான் வந்தது. பக்கத்து வீட்டு முயல் கொண்டு வந்த கொழுக்கட்டையைக் கீரிக்குட்டி தொடவில்லை. இனிப்பைப் பற்றிக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. மழை. கூரை. விளக்கு. அன்டனுக்கு இடையில் புத்தகத்தைப் பறித்துவிட வேண்டும் போல் இருந்தது. முடிவு எப்படியென்று தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். வேண்டுமென்றால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். லக்சனா பக்கத்தைத் திருப்பினாள். திருப்பினாள். கடைசிப் பக்கம்.

கடைசிப் பக்கத்தில் பேரின்பநாதன் இருந்தார்.

வர்ணப் படம், மனைவி மக்களோடு, பொன்னாடையோடு. "இந்நூல் பேரவைக்கு அன்பளிப்பு: வாசிப்புச் செம்மல் பேரின்பநாதன் குடும்பத்தினர்." பக்கத்தின் எழுத்தெல்லாம் மறையும்படி, நான்கு மூலையும் பசை பூசி, அழுத்தி ஒட்டியிருந்தார்கள்.

லக்சனா படத்தையே பார்த்தாள். "இவர் ஏன் இதுக்குள்ளை?"

அன்டன் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை ஹீட்டரின் சூட்டுக்கு முன்னால் பிடித்தான். விமானச் சாப்பாட்டுப் பெட்டிகளில் பிழையாக ஒட்டிய லேபிள்களை அவன் இப்படித்தான் எடுப்பான். பசை இளகியது. லக்சனா நகத்தால் மூலையைக் கிளப்பினாள். குடும்பம் ஒழுங்காக வந்தது. பொன்னாடை வந்தது. தலைவரின் முகம் மட்டும் நடுவால் கிழிந்து, நாடியும் வாயும் பக்க விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றன.

கீழே இரண்டு வரிகள் இருந்தன. லக்சனா விரல் வைத்து வாசித்தாள்.

"விடிந்தது. கீரிக்குட்டி தானே எழும்பிப் போய் விளக்கை அணைத்தது."

அவள் பக்கத்தின் பின்புறத்தையும் பார்த்தாள். வெறுமை. ஒரு விமானம் தாழ்வாகப் பறந்து டோர்வல் பக்கம் இறங்கியது.

"அம்மா வரேல்லை" என்றாள்.

அன்டன் அந்த இரண்டு வரிகளையும் மறுபடியும் பார்த்தான்.

"அப்பிடி எழுதேல்லை அப்பா. ஆனா வரேல்லை. வந்திருந்தா அம்மாதான் லைற்றை ஓஃப் பண்ணியிருப்பா."

"ஓம் ராசாத்தி."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அன்டனும் அழுதான். பிறகு அவள் மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பேந்து கீரிக்குட்டி என்ன செய்திருக்கும்?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

"கொழுக்கட்டையைச் சாப்பிட்டிருக்கும். பசிக்கும்தானே."

அன்டனின் கைபேசி அடித்தது. தலைவர்.

"தம்பி! புத்தகம் என்ன மாதிரி? பத்திரமோ?"

அன்டன் மகளைப் பார்த்தான். அவள் புத்தகத்தை முதலாம் பக்கத்துக்குத் திருப்பியிருந்தாள். ஆமை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை அண்ணை" என்றான். "வாசிச்சுப்போட்டம்."